காலி பாட்டிலில் வளர்ந்தது

போன மாதம் திருப்பதியில் நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்துக்குப் போயிருந்தேன். புது மெஷின் வந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்று சுனிதா கூப்பிட்டாள். என்னோடு பத்து வருஷம் வேலை பார்த்தவள், இப்போது அங்கே பொறுப்பில் இருக்கிறாள். மெஷின் ஒரு இட்லிக் குண்டான் அளவுதான் இருந்தது. முதல் நாள் ஊறவைத்த பால் மாதிரியைக் காலையில் உள்ளே வைத்தால், மதியச் சாப்பாட்டுக்குள் அதில் சால்மொனெல்லா இருக்கிறதா இல்லையா என்று திரையில் கோடு போட்டுக் காட்டிவிடுகிறது. வாந்தி, பேதி, காய்ச்சல் என்று ஆரம்பித்து, சின்னக் குழந்தையாக இருந்தால் உயிரையே ஆட்டிப் பார்க்கிற கிருமி அது. அதைப் பிடிக்க நாங்கள் ஐந்து நாள் தவம் கிடப்போம்.

"அஞ்சு நாளா மேடம்? எப்படித்தான் பொறுமையா இருந்தீங்களோ!" என்றது அங்கிருந்த ஒரு பெண். சத்தியவேட்டுக்காரி.

பொறுமையாவது ஒன்றாவது. வேறு வழி இல்லாததால் இருந்தோம். அப்புறம் டீ குடித்துக்கொண்டே, உங்கள் சர்வீஸிலேயே கஷ்டமான கேஸ் எது என்று கேட்டார்கள். நான் சொன்னேன். சொல்லி முடித்ததும் சுனிதா, "இத்த எழுதி வைங்க மேடம், வாயால சொன்னா பாதிய முழுங்கிடறீங்க" என்றாள். முழுங்காமல் எழுதப் பார்க்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் பிச்சாட்டூர் பக்கம் ஒரு கிராமம். விவசாயக் குடும்பம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, கல்லூரியில் இரண்டையும் போட்டுப் பிசைந்த இங்கிலீஷ். நுண்ணுயிரியல் படித்து முடித்து, திருப்பதியில் இந்த ஆய்வுக்கூடத்தில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தேன். என் நைனா டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, "அவனவன் ஆடு வளக்கறான், மாடு வளக்கறான். எம் பொண்ணு கிருமி வளக்கறதுக்கு பஸ் ஏறிப் போய்க்கினு கீது" என்று எல்லோரிடமும் சொல்வார். கிண்டல் மாதிரி இருக்கும், ஆனால் பெருமை தாங்காமல் சொல்வதுதான். முதல் இரண்டு வருஷம் கண்ணாடிப் பாத்திரம் கழுவினேன், கிருமி வளர்க்கிற அகார் கூழ் காய்ச்சினேன், கையைச் சுட்டுக்கொண்டேன். அந்தக் காலத்தைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

எங்கள் தலைவர் பிரபாகர் சார். தெலுங்குக்காரர். ரொம்ப வருஷம் வேலூர் பக்கம் வேலை பார்த்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முடிவில் ஒரு 'கதா' ஒட்டிக்கொள்ளும். நம் 'இல்லையா' மாதிரி. ஒல்லி ஆள். குரல் உயர்த்த மாட்டார். அதுதான் பயம். யாராவது ஓடிவந்து "சார், வந்துடுச்சு!" என்று சொன்னால், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "எது வந்தது? எந்தத் தட்டுல? எத்தனை? எந்தக் கலர்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். நான்காவது கேள்விக்குள் நமக்கு வந்த சந்தோஷம் வந்த வழியே போய்விடும்.

நோட்டில் பேனாவால்தான் எழுத வேண்டும். தப்பாக எழுதினால் ஒரே ஒரு கோடு போட்டு அடிக்க வேண்டும், அடித்தது படிக்கத் தெரிய வேண்டும், பக்கத்தில் கையெழுத்து வேண்டும். வெள்ளை மை பூசி மறைத்த ஒரு பையனைக் கூப்பிட்டு, "சுவத்துக்குதான் சுண்ணாம்பு, நோட்டுக்கு இல்ல கதா" என்றார். அத்தோடு அந்த ஆய்வுக்கூடத்தில் வெள்ளை மை ஒழிந்தது.

சால்மொனெல்லாவைத் தேடுகிற வேலையை அவர் சொல்லிக்கொடுத்த விதம் இன்னும் காதில் இருக்கிறது. பால் மாதிரி ஒரு பங்கு, பெப்டோன் கலந்த நீர் ஒன்பது பங்கு, உடம்புச் சூட்டில் ஒரு ராத்திரி. "ஐஸ்ல கிடந்து பாதி செத்து வந்திருக்காங்க. பட்டினி கிடந்தவனுக்கு எடுத்த உடனே பிரியாணி போடுவியா? முதல்ல கஞ்சி." கிருமிகளுக்கு எப்போதும் மரியாதைப் பன்மைதான். மறுநாள் அதிலிருந்து ஒரு சொட்டு எடுத்து, மற்ற கிருமிகளை அமுக்கிவிட்டு இதை மட்டும் வளரவிடுகிற பச்சை நீல மருந்துத் திரவத்தில் விட்டு, இன்னும் கொஞ்சம் கூடுதல் சூட்டில் வைப்போம். மூன்றாம் நாள் கம்பி வளையத்தைத் தீயில் சிவக்கக் காட்டி, ஆறவிட்டு, அதில் தொட்டு சிவப்பு அகார் தட்டில் கோடு கோடாக இழுப்போம். நான்காம் நாள் காலை தட்டைத் திறந்தால், நடுவில் கறுப்புப் பொட்டு வைத்த சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் இருந்தால் ஆள் அகப்பட்டான் என்று பாதி நிச்சயம். மிச்சப் பாதிக்கு இன்னும் ஒரு நாள் சோதனை. ஆக ஐந்து.

சாரின் ஆராய்ச்சி, இந்த ஐந்து நாளை இரண்டாகக் குறைப்பது. ஒரு காகிதப் பட்டை செய்திருந்தார். ஊறவைத்த மாதிரியில் அதை முக்கினால், கிருமி இருந்தால் இரண்டு கோடு, இல்லாவிட்டால் ஒன்று. கர்ப்பம் பார்க்கிற பட்டை மாதிரிதான். அது சொல்வது நிஜமா என்று பார்க்க, ஒவ்வொரு மாதிரியையும் பட்டையிலும் பழைய முறையிலும் சோதித்து ஒப்பிட வேண்டும். ஒரு தனியார் பால் கம்பெனி தன் கிராமத்துப் பால் சென்டர்களில் மாதிரி எடுக்க அனுமதி கொடுத்தது. ஒரே நிபந்தனை: எங்காவது கிருமி அகப்பட்டால் அன்றைக்கே அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஊர் ஊராக எடுத்தோம். எல்லாம் சுத்தம். எங்கே பார்த்தாலும் ஒற்றைக் கோடு. நல்ல பால் கிடைக்கிறதே என்று வருத்தப்பட்ட ஒரே கூட்டம் நாங்களாகத்தான் இருப்போம். இரண்டு கோடு ஒரு தடவையாவது வந்தால்தானே பட்டைக்கு மரியாதை. அப்படி இருக்கும்போதுதான் எங்கள் ஊர் சென்டரின் முறை வந்தது. என் ஊர் என்பதால் நானே போகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஆட்டோகிளேவில் அவித்துச் சுத்தம் செய்த பதின்மூன்று கண்ணாடி பாட்டில்கள். வாயில் அலுமினியத் தாள், மேலே நூல் கட்டு. பன்னிரண்டு வீட்டுப் பாலுக்குப் பன்னிரண்டு, உடைந்தால் கிடந்தால் என்று ஒன்று உபரி. சாரின் உத்தரவு தெளிவானது. பாட்டிலை நான்தான் திறக்க வேண்டும். தீயில் காட்டிய கரண்டியால் கேனிலிருந்து நானே மொள்ள வேண்டும். வேறு கை படக் கூடாது.

சென்டருக்கு என் சித்தப்பாதான் தலைவர். சென்டருக்கு அடுத்த வீடு அவருடையது. நான் பெட்டியோடு வேனை விட்டு இறங்கியதுமே சித்தி வாசலில் நின்றாள்.

"ஏய் வசந்தா, ஊட்ட தாண்டிக்கினு சென்டருக்கா போறே? ஒரு வாய் துன்னுட்டுப் போ. இல்லாங்காட்டி உங்க சித்தப்பா என்ன துன்னுடுவாரு."

நம் பக்கத்தில் இதற்கு மறுப்புச் சொல்ல முடியுமா? ஐந்தே நிமிஷம் என்று உள்ளே போனேன். களியும் கருவாட்டுக் குழம்பும். ஐந்து நிமிஷம் முக்கால் மணி நேரமாயிற்று. நடுவில் கன்னியம்மா எட்டிப் பார்த்தாள். காலனியைச் சேர்ந்தவள், சென்டரைக் கூட்டிக் கழுவுகிறவள். ஒரு வருஷம் முன்பு வரை குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போய்க்கொண்டிருந்தாள். இரண்டு மாடு வாங்கி, பால் ஊற்ற ஆரம்பித்த பிறகுதான் ஊரோடு இருந்தாள், பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போனார்கள். அன்றைய பன்னிரண்டு வீட்டில் அவள் வீடும் ஒன்று. என்னைவிட மூத்தவள். ஆனாலும் எங்கள் வீட்டில் எல்லோரும் அவளைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம், நானும் அப்படித்தான். அது அப்போது எனக்குத் தப்பாகப் படவில்லை.

"நீ துன்னும்மா. பால்காரங்கல்லாம் வந்துகினு கீறாங்கோ. நம்பர் போட்டுதானே கீது, நான் பாத்து ரொப்பி வெக்கறேன்" என்றாள்.

எனக்கு அவள்மேல் நம்பிக்கை. படிப்பு இல்லாவிட்டாலும் எண் தெரியும், கை சுத்தம். சரி என்று தலையாட்டினேன். இதைத்தான் நான் எப்போதும் முழுங்கிவிடுவேன் என்று சுனிதா சொல்வது.

நான் போனபோது பன்னிரண்டு பாட்டிலும் நிரம்பி, தாள் மூடி, நூல் கட்டி, வரிசையாக நின்றன. பதின்மூன்றாவது, காலியாக, அதே மாதிரி மூடிக் கட்டி ஓரத்தில் நின்றது. ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டு திருப்பதி வந்து சேர்ந்தேன்.

மறுநாள் பட்டையை முக்கினோம். முதல் பாட்டில், இரண்டு கோடு. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். மொத்தம் ஏழு பாட்டிலில் இரண்டு கோடு. நான்காம் நாள் தட்டைத் திறந்தால், அதே ஏழு எண்ணில் கறுப்புப் பொட்டு. ஐந்தாம் நாள் உறுதிச் சோதனையும் அதையே சொன்னது. ஒன்றுகூடப் பிசகவில்லை. அவ்வளவு வருஷத்தில் சார் சிரித்து அன்றுதான் பார்த்தேன். தன் பணத்தில் எல்லோருக்கும் பூரி வாங்கிக் கொடுத்தார். நிபந்தனைப்படி கம்பெனிக்குத் தகவலும் போயிற்று. திங்கட்கிழமை முதல் அந்தச் சென்டரில் பால் எடுப்பதில்லை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள்.

அன்று ராத்திரி, பூரி வயிற்றில் இறங்குவதற்குள், சித்தப்பா போனில் வந்தார்.

"ஏம்மா, சென்டரையே மூடறேன்றான். ஏழு வூட்டுப் பால்னு சொன்னியாமே. எந்த ஏழுன்னு எனக்குத் தெரியும். காலனிக்காரங்க மூணு பேர் ஊத்தறாங்களே, அவங்கதான் எல்லாத்தையும் கெடுத்துக்கினு கீறாங்கோ. அவங்கள நிறுத்திட்டேன்னு கம்பெனிக்குச் சொல்லிட்டேன். நீ உங்க சாருகிட்ட சொல்லி மத்த பாலெல்லாம் சுத்தம்னு ஒரு லெட்டர் மட்டும் வாங்கிக் குடு."

"சித்தப்பா, அந்த ஏழுல உங்க பாலும் ஒண்ணு" என்றேன்.

அவர் குரல் தாழ்ந்தது. "அதெல்லாம் வெளிய எதுக்கும்மா" என்றார். "சாயங்காலம் கன்னியம்மா பால எத்தினி பேர் எதிர்ல வாணாம்னு திருப்பி அனுப்பிட்டேன். இப்போ மாத்திப் பேசினா எனக்கு என்னா மரியாதை?"

கன்னியம்மா கேனைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடப்பது என் கண்ணுக்குத் தெரிந்தது. மாட்டை விற்றால் அடுத்தது சூளைதான். ஆனால் என்ன செய்ய? அவள் எண்ணிலும் கறுப்புப் பொட்டு இருந்ததே. என் கண்ணால் பார்த்தேனே. விஞ்ஞானம் சொல்கிறது, நான் என்ன பண்ணுவது என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் காலி பாட்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாரிடம் ஒரு பழக்கம். வெளியூர் போய்த் திரும்பிய பாட்டில் எதுவானாலும், உபயோகிக்காமல் வந்தாலும், அதையும் சோதிக்க வேண்டும். அதற்குள் பெப்டோன் நீரை ஊற்றி, பாலுக்குச் செய்கிற எல்லா மரியாதையும் செய்ய வேண்டும். அதில் எப்போதும் ஒன்றும் வராது. 'காலி பாட்டில் பூஜை' என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். அன்றைக்குப் பெப்டோன் நீர் பன்னிரண்டுக்குத்தான் சரியாக இருந்தது. காலி பாட்டில்தானே, எங்கே ஓடிவிடப் போகிறது என்று நான் இரண்டு நாள் தள்ளி வைத்தேன். பட்டையை அதற்கெல்லாம் வீணாக்குவதில்லை. அதனால் பால் முடிவு எல்லாம் வந்து, தகவல் போய், பூரி தின்ற மறுநாள், சனிக்கிழமை காலையில்தான் அதன் தட்டைத் திறந்தேன்.

சிவப்புத் தட்டு முழுக்கக் கறுப்புப் பொட்டு.

முதலில் தட்டை மாற்றி எடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். அடியில் என் கையெழுத்தில் பதின்மூன்று என்று இருந்தது. பால் ஒரு சொட்டும் படாத பாட்டில். அதில் எப்படி? தட்டை மூடி வைத்தேன். அப்புறம் வராந்தாவுக்குப் போய்ச் சித்திக்குப் போன் போட்டு, கன்னியம்மாவைக் கூப்பிடச் சொன்னேன்.

"கன்னியம்மா, அன்னிக்கு பாட்டில என்ன பண்ணே? ஒண்ணு விடாம சொல்லு."

"என்னாம்மா பண்ணேன்? கழுவினேன்."

"கழுவினியா?"

"பின்ன? உள்ளாற முத்து முத்தா தண்ணி நின்னுகினு இருந்திச்சி. யாரோ அரகொறையா கழுவி அனுப்பிக்கிறாங்கோன்னு நெனச்சிக்கினேன். அசலூர்ல இருந்து வந்த பாத்திரம், அலசாம பால ஊத்துவாங்களா? மாட்டுக்கு ஆவாதே. சென்டர் கொழாயில ரெண்டு ரெண்டு தபா அலசி ஊத்தினேன். காலியா இருந்திச்சே ஒண்ணு, அத்தயும் உடல."

அவள் குரலில் பயமே இல்லை. வேலையை ஒழுங்காகச் செய்தவளின் குரல் அது. ஆட்டோகிளேவிலிருந்து வரும் பாட்டிலில் நீராவி முத்துக் கட்டி நிற்கும். உலகத்திலேயே சுத்தமான தண்ணீர் அது. அதைக் கொட்டிவிட்டுக் குழாய்த் தண்ணீரில் கழுவியிருக்கிறாள். பால் கறக்கிற வீட்டில் பிறந்த நானும் அப்படித்தான் செய்திருப்பேன். புதுப் பாத்திரத்தை அலசாமல் பால் ஊற்றுகிற பெண் எங்கள் ஊரில் கிடையாது. இது தெரிந்துதானே சார் வேறு கை படக் கூடாது என்றார்.

ஆக, கிருமி பாலில் இருந்ததா, குழாயில் இருந்ததா என்பது இப்போது யாருக்கும் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். கன்னியம்மா பாலை நிறுத்த நான் கொடுத்த ஆதாரம் செல்லாது.

எனக்கு அந்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டிய மாதம். தட்டைக் கழுவிப் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது என்ற நினைப்பு எனக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. வராந்தாவில் இரண்டு நடை நடந்தேன், அப்போதெல்லாம் கூடவே நடந்தது. உண்மையைச் சொன்னால் கன்னியம்மாதான் பாட்டிலைக் கெடுத்தாள் என்று சித்தப்பா அவளை இன்னும் நன்றாக மிதிப்பார் என்று ஒரு நல்ல காரணமும் சேர்ந்துகொண்டது. நமக்கு வேண்டியதற்கு நல்ல காரணம் கிடைப்பது கஷ்டமா?

கடைசியில் தட்டை எடுத்துக்கொண்டு சார் அறைக்குப் போனேன். வழக்கமான கேள்விகளைக் கேட்டார். எந்தத் தட்டு? பதின்மூன்று. எத்தனை? எண்ண முடியாது. எந்தக் கலர்? சொன்னேன். களியும் கருவாட்டுக் குழம்பும் வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நோட்டை என் பக்கம் தள்ளினார்.

"எழுது."

'மாதிரி எடுக்கும்போது நான் அங்கே இல்லை. பாட்டில்களை உள்ளூர்ப் பெண் கன்னியம்மா' என்று எழுதிக்கொண்டே வந்தேன். அவர் விரலை அந்தப் பெயர்மேல் வைத்தார்.

"இங்கேருந்து பாட்டில் யார் கையெழுத்துல வெளிய போச்சு?"

"என் கையெழுத்து சார்."

"அந்தம்மா நம்மகிட்ட சம்பளம் வாங்கறாங்களா?"

"இல்ல சார்."

"அப்போ அந்தம்மா பேரு இந்த நோட்ல எதுக்கு? அவங்க அவங்க வேலையை சரியா செஞ்சாங்க கதா. செய்யாதது யாரோ, அவங்க பேரு எழுது."

ஒரு கோடு போட்டு அடித்தேன். பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். கீழே, 'பாட்டில்களைத் திறந்து நிரப்பும் பொறுப்பை நான் விட்டுவிட்டுப் போனேன். இந்தப் பன்னிரண்டு முடிவுகளும் பாலைப் பற்றி எதையும் சொல்லாது. வசந்தா' என்று எழுதினேன். கண்ணீர் விழுந்து ஒரு எழுத்து கலைந்தது. அதற்கும் பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவர் கம்பெனிக்குத் தானே போன் செய்து, எங்கள் முடிவு தப்பு, ஒரு வாரம் பொறுங்கள் என்றார். அந்த ஒரு வாரம் மொத்தச் சென்டரும் மூடியிருக்கும், அதற்குள் தெரியாவிட்டால் வேறு ஊர் பார்ப்போம் என்றார்கள். அடுத்த நாள் விடிந்ததும் சாரும் நானும் ஊருக்குப் போனோம். சித்தி வாசலில் நின்றாள். சார் கைகூப்பி, "வேலை முடிஞ்சதும் வந்து சாப்பிடறோம்மா" என்று சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருந்தார். இவ்வளவு சுலபமா என்று இருந்தது எனக்கு.

பன்னிரண்டு கேனிலும் என் கையால், தீயில் காட்டிய கரண்டியால் மொண்டேன். சார் பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார். கன்னியம்மா தன் கேனோடு கடைசியில் நின்றாள். பால் வேண்டாம் என்றாலும் சோதனைக்காவது எடுங்கள் என்று கொண்டு வந்திருந்தாள். குழாய்த் தண்ணீரும் எடுத்தோம். குழாய் எங்கிருந்து வருகிறது என்று சார் பின்னாலேயே போனார். சித்தப்பாவின் கொல்லையில் தரையோடு தரையாக ஒரு சிமென்ட் தொட்டி, மூடி ஒரு பக்கம் உடைந்திருந்தது. அதை ஒட்டி, மாந்தோப்புக்காகச் சித்தப்பா கொட்டி வைத்திருந்த கோழி எருக் குவியல். இந்தக் கிருமிக்கு அதுதான் தாய்வீடு. மழையில் கரைந்து தொட்டிப் பக்கம் வழிந்திருந்தது. சார் மூடியை நகர்த்திப் பார்த்தார். தொட்டியிலும் ஒரு பாட்டில் மொண்டுகொண்டார். ஊர்க்காரர்கள் கேன்களை அவரவர் வீட்டுத் தண்ணீரில் கழுவி வெயிலில் கவிழ்த்துவிடுகிறார்கள், இந்தக் குழாய் சென்டர் தரையைக் கழுவ மட்டும்தான் என்று விசாரித்து நோட்டில் எழுதச் சொன்னார். அப்புறம் சித்தி வீட்டில் வயிறாரச் சாப்பிட்டார்.

அந்த ஐந்து நாளைப் போல நீண்ட ஐந்து நாள் என் வாழ்க்கையில் இல்லை, என் இரண்டு பிரசவத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இரண்டாம் நாளே பட்டை சொல்லிவிட்டது. ஆனால் பட்டையைச் சோதிக்கிற ஆராய்ச்சியில் பட்டையை மட்டும் நம்பி வாய் திறக்கக் கூடாது என்றார் சார். கன்னியம்மா மாட்டை விலை பேச ஆள் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று சித்தி போனில் சொன்னாள். ஒரு வாரம் கொடுக்கச் சொல்லு சித்தி, ஒரே வாரம் என்று கெஞ்சினேன்.

ஐந்தாம் நாள் முடிவு வந்தது. பன்னிரண்டு வீட்டுப் பாலும் சுத்தம். குழாயிலும் தொட்டியிலும் சால்மொனெல்லா. பட்டையும் தட்டும் ஒரே பேச்சு. அதற்குப் பிறகு அந்தப் பட்டை பல ஊருக்குப் போயிற்று, சாருக்குப் பெயர் கிடைத்தது, எனக்கு ஒப்பந்தம் போய் நிரந்தர வேலையே கிடைத்தது. புதுப்பிக்கும் தாளில் என்னைப் பற்றி ஒரு வரி எழுத வேண்டிய இடத்தில் சார், 'தன் தவறைத் தானே கண்டுபிடிப்பவர்' என்று எழுதியிருந்தார். பாராட்டா திட்டா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. முப்பது வருஷம் வேலை பார்த்தேன். நிறையக் கறுப்புப் பொட்டுகளைப் பார்த்துவிட்டேன். கல்யாண வீட்டுத் தேங்காய்ச் சட்னியைத் தொட மாட்டேன் என்பதைத் தவிர அந்த வேலை எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. நிறைவாகத்தான் வெளியே வந்தேன்.

ஆனால் முடிவு வந்த மறுநாள் காலையைச் சொல்லாமல் முடித்தால் மறுபடி முழுங்கியதாகிவிடும். சார் முடிவுகளை எழுதிக் கொடுத்த கடிதத்தை எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் ஊருக்குப் போனேன். கம்பெனி அன்று முதல் பால் எடுக்கச் சம்மதித்திருந்தது. சென்டரில் வரிசை நின்றது. சித்தப்பா கடிதத்தைப் படித்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"சரி, தொட்டிய கழுவி மூடி போட்டுடறேன். எருவையும் அள்ளிடறேன். முடிஞ்சி போச்சி உடும்மா" என்றார். "காலனிக்காரங்கள மெதுவா அடுத்த மாசம் பாத்து சேத்துக்கலாம்."

கன்னியம்மா வெளியே வேப்ப மரத்தடியில் கேனோடு நின்றுகொண்டிருந்தாள். சென்டர் மூடியிருந்த நாளிலும் தினமும் அப்படி வந்து நின்றிருக்கிறாள். நான் கிட்டே போய், யாருக்கும் கேட்காத குரலில், "உன் பால்ல ஒண்ணும் இல்ல. தப்பு என்னோடது" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எங்கிட்ட இன்னாத்துக்கும்மா சொல்றே? எம் பால்ல ஒண்ணும் இல்லன்னு எனக்கு முன்னியே தெரியும். வாணாம்னு சொன்னது அத்தினி பேர் எதிர்ல. அங்க வந்து சொல்லு."

கேனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, எனக்கு முன்னால் நடந்து, வரிசையின் கடைசியில் போய் நின்றாள். நான் சித்தப்பாவிடம் கையை நீட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு பையிலிருந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். பன்னிரண்டு வீட்டுப் பெயரையும் ஒவ்வொன்றாகப் படித்தேன். சித்தப்பா பெயர், கிருமி இல்லை. கன்னியம்மா பெயர், கிருமி இல்லை. சென்டர் குழாய்த் தண்ணீர், கிருமி இருக்கிறது. பாட்டிலை நான் பார்த்துக்கொள்ளாமல் சாப்பிடப் போனதையும் சொன்னேன். மெல்லத்தான் படித்தேன். முடித்ததும் கடிதத்தை மடித்தேன். சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வரிசையின் கடைசியிலிருந்து கன்னியம்மாவின் குரல் வந்தது.

"இன்னோரு தபா படிம்மா. பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கல."

முதல் பெயரிலிருந்து மறுபடி படித்தேன்.